நூருல்லா பாய் போட்ட சட்டங்கள்

நூருல்லா பாயை எங்கள் ஊரில் தையல்காரர் என்று சொன்னவர்களைவிட ஹெட்மாஸ்டர் என்று சொன்னவர்கள்தான் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, தேரடித் தெருவில் தகப்பனார் வைத்துவிட்டுப் போன தையல் கடையில் உட்கார்ந்தவர். சட்டை, கால்சட்டை, ஜாக்கெட், பாவாடை எதுவானாலும் தைப்பார். சொன்ன நாளில் கொடுத்தும் விடுவார், தையல்காரர்களில் இது அதிசயம். ஆனால் அந்தப் பட்டப்பெயர் வந்தது தையலால் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில் நடந்த பேச்சாலும், அந்தப் பேச்சுக்கு அவர் போட்ட சட்டங்களாலும் வந்தது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெயர் ரேணுகாம்பாள். ட்ரங்க் கால் போட்டுக் கொடுப்பதும், மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து "டைம் ஆச்சு, நீட்டிக்கறீங்களா?" என்று கேட்பதும், இல்லை என்றால் வெட்டிவிடுவதும் என் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சை வெட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச்சுக் கேட்கப் போய் உட்காருவேன். முதலில் என்னை அழைத்துப் போனது என் வீட்டுக்காரர். அவர் இரண்டாவது வாரமே பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார், அதற்குப் பிறகு வரவில்லை. நான் விடாமல் போனேன். ஆண்கள் கூட்டத்தில் ஒரு பொம்பளையா என்று முணுமுணுத்தவர்களை நூருல்லா பாய் ஒரே பார்வையில் உட்கார வைத்தார்.

அந்தப் பேச்சு ஆரம்பித்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எழுபத்திரண்டில் பெரிய கட்சி இரண்டாக உடைந்ததே, அப்போது ஊரே இரண்டாக உடைந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தன் மண்டையில் கிளாஸை உடைத்தான். மறுநாளே டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எல்லாவற்றிலும் போர்டு தொங்கியது, இங்கே அரசியல் பேசக்கூடாது என்று. நூருல்லா பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"வாயி இருக்கறது டீ குடிக்க மட்டுந்தானா? பேசறதுக்கு பயந்தா ஊரு எப்படி உருப்படும்? எங் கடைக்கு வாங்க. வெள்ளிக்கிழம கடை லீவு. எவ்ளோ வேணும்னாலும் பேசுங்க" என்றார்.

வந்தார்கள். வெட்டுகிற மேஜையைச் சுவரோரம் தள்ளி, பெஞ்சு போட்டு, கோரைப்பாய் விரித்து, உள்ளே வீட்டிலிருந்து அவர் மனைவி ஹபீபுன்னிசா டீ போட்டு அனுப்ப, பேச்சு அமர்க்களமாக ஆரம்பித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மீன் மார்க்கெட்டே தேவலை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, பொறுக்க முடியாமல் நூருல்லா பாய் தன் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றி, பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் போட்டார்.

"இது யாரு கழுத்துல இருக்குதோ அவருதான் பேசணும். மத்தவங்கல்லாம் வாயில குண்டூசி வச்சிருக்கறதா நெனச்சிக்குங்க."

டேப்பு போட்டவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. அவர் முடித்து, அடுத்தவர் கழுத்தில் போட்டால்தான் அடுத்தவர் பேசலாம். இதுதான் முதல் சட்டம். இப்போதும் சொல்கிறேன், அதைப்போல நல்ல சட்டத்தை நான் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை. உரக்கக் கத்துகிறவன்தான் ஜெயிப்பான் என்ற நிலைமை அன்றோடு போயிற்று.

அன்று முதலில் டேப்பு விழுந்த கழுத்து முருகையனுடையது. பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலைக்காரர். சம்பங்கியும் கனகாம்பரமும் போட்டு, விடியற்காலையில் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர். நூருல்லாவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே வருஷம் படிப்பை விட்டவர்கள். இவர் "முருகா" என்பார், அவர் "நூரு" என்பார், இரண்டு பேருக்கும் நடுவில் 'டா' தாராளமாகப் புழங்கும். ரம்ஜானுக்குப் பிரியாணி முதல் தட்டு முருகையனுக்கு. கார்த்திகை தீபத்துக்கு முருகையன் வீட்டில் சுட்ட அப்பம் முதலில் வருவது தையல் கடைக்கு.

முருகையன் பேச ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் அதெல்லாம் இங்கேதான். வீட்டில் அவருக்கு வாய் கிடையாது. அண்ணன் சடையன் வைத்ததுதான் அங்கே சட்டம். நிலம் பிரிக்காத குடும்பம், கையில் காசு, வாயில் வார்த்தை எல்லாம் அண்ணனிடம். அண்ணன் எதிரில் முருகையன் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. "இந்த டேப்ப போட்டாதான் ரேணுகாம்மா எனக்கு வாயி ஒண்ணு இருக்குதுன்னே தெரியுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அப்போது தெரியவில்லை.

டேப்புச் சட்டத்தோடு நின்றிருந்தால் நூருல்லா பாயைக் கோவில் கட்டிக் கும்பிட்டிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. எந்தச் சண்டை வந்தாலும் அதற்கு ஒரு சட்டம் எழுதினார். தவிட்டு மண்டி சக்கரவர்த்தி வராத அன்று அவரை நாலு பேர் கிழித்துத் தோரணம் கட்ட, விஷயம் அவர் காதுக்குப் போய் அவர் தையல் கடை வாசலில் வந்து நின்று கத்த, 'இங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசக்கூடாது' என்று எழுதினார். ஒருவர் இன்னொருவரை 'அவன்' என்றதற்கு, 'அவன், இவன் கூடாது.' யாரோ எந்தச் சாமி பெரிய சாமி என்று ஆரம்பித்ததற்கு இன்னொன்று. காபிக்கொட்டைக் கடைக்காரர் ஒருவர் விலைவாசியைப் பற்றிப் பேசப் போய், தன் பெண்டாட்டி எண்ணெயைக் கொட்டிச் சமைப்பதை விலாவாரியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்தம்மா வந்து, நடுத்தெருவில் நின்று நூருல்லா பாயின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். அன்று எழுதியதுதான் 'வீட்டு விஷயம் பேசக்கூடாது.'

முதலில் துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் சுவரில் எழுதினார். அழிந்துபோகிறது என்று பிறகு நீல பெயிண்டால் எழுதினார். சட்டத்தை மீறினால் மூன்று வெள்ளி உள்ளே வரக்கூடாது. திரும்பி வருகிறவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஹபீபுன்னிசா டீ டம்ளரை எடுக்க வரும்போது சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் எடம் இருக்குதா, இல்ல பக்கத்து வூட்டு சுவத்த கேக்கட்டுமா?" என்பார். பாய் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏன் பாய், டீக்கடைக்காரரு ஒரு போர்டுதான் வச்சாரு. அதப் பாத்து கோவப்பட்டு நீங்க சுவரையே போர்டா ஆக்கிட்டீங்களே" என்று கேட்டேன்.

"ரேணுகாம்மா, நீங்க மூணு நிமிஷத்துல வெட்டறீங்களே, அது மட்டும் என்ன?"

"எழவு சொல்றவங்கள நான் வெட்டினதில்ல பாய். சூப்பர்வைசருகிட்ட திட்டு வாங்கினாலும் வெட்டினதில்ல."

"அங்கதான் தப்பு. ஒருத்தருக்கு வுட்டா எல்லாருக்கும் வுடணும்" என்றார். அவ்வளவு நேர்மையான மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தூக்கிப் போடவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

எமர்ஜென்சி வந்தது. அது அவரை இன்னும் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே பயந்த காலம். நூருல்லா பாய் முன்னெச்சரிக்கையாக 'அரசாங்கத்தைப் பற்றிப் பேசக்கூடாது' என்று சுவரில் சேர்த்தார். கொஞ்ச நாளில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் சாதாரண உடையில் வந்து, இங்கே என்ன கூட்டம் என்று கேட்டார். பாய் சுவரைக் காட்டினார். அவர் மேலிருந்து கீழ்வரை நின்று படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "எங்க வேலையையும் நீங்களே பாக்கறீங்களே பாய்" என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சுவர்தான் தங்களைக் காப்பாற்றியது என்பது பாயின் அசைக்க முடியாத நம்பிக்கை. எமர்ஜென்சி போனது, அந்த வரி போகவில்லை. அரசியல் பேச இடமில்லை என்று ஆரம்பித்த பேச்சில் அரசாங்கத்தைப் பற்றிப் பேச முடியாமல், ஏரியில் மீன் எப்படி வளர்கிறது, சந்திரனில் தண்ணீர் இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தோம். கூட்டமும் கம்மியாகிவிட்டது.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம். முருகையன் தானாகவே ஒரு தலைப்பு கேட்டார். 'பெண்பிள்ளைகளை எதுவரை படிக்க வைக்கலாம்?' அவர் தலைப்பு கேட்டதே கிடையாது, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேசுகிறவர். பாய் சந்தோஷமாகச் சரி என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை முருகையன் அண்ணன் சடையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பே இல்லை. பாய் எழுந்து நின்று வரவேற்று நாற்காலி போட்டார். மற்றவர்கள் பெஞ்சில். முருகையன் ஒரு மூலையில் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகம் வேர்த்திருந்தது. பூக்கூடை இல்லாமல், துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார்.

யார் யாரோ பேசினார்கள். நானும் டேப்பு போட்டு ஐந்து நிமிஷம் பேசினேன். பிறகு டேப்பு முருகையனிடம் போனது. வழக்கம்போல ஜோக்கு வரும் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வரவில்லை. அவர் அண்ணனைப் பார்க்காமல், டேப்பின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாரும் பொதுவா சொன்னீங்க. நான் பொதுவா பேச வரல. எம்பொண்ணு ஆதிலட்சுமி இந்த வருசம் பன்னெண்டாவது பாஸ் பண்ணிடுச்சு. அதுக்கு..."

சடையன் நாற்காலியில் அசைந்தார். அவர் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"வூட்டு விசயம் பேசக்கூடாதுன்னு எழுதியிருக்குதே பாய்? நான் தப்பா படிக்கறனா?"

நூருல்லா பாய் சுவரைப் பார்த்தார். அவர் முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. சொந்த சிநேகிதனுக்கு மட்டும் சட்டத்தை வளைத்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது, அது ஒன்றுதான் அந்த முகத்தில் இருந்தது.

"முருகா, பொதுவா பேசு" என்றார்.

"பொதுவா பேச எனக்கு ஒண்ணுமில்ல நூரு. ரெண்டு நிமிசம். சொல்லி முடிச்சிடறேன்."

"பேசட்டுமே பாய்" என்று நான் சொன்னேன்.

"ரேணுகாம்மா, டேப்பு உங்க கழுத்துல இல்ல" என்றார் பாய். என்னைப் பார்க்காமலே சொன்னார். பிறகு முருகையனிடம் திரும்பி, "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்டா. அடுத்தவருக்கு குடு" என்றார்.

முருகையன் டேப்பைக் கழற்றிச் சுருட்டினார். அடுத்தவர் கழுத்தில் போடாமல் மேஜைமேல் வீசினார்.

"உன் சுவத்துக்கு சொல்லத்தான் தெரியும் நூரு. கேக்கத் தெரியாது."

டேப்பை வீசியதும் சட்டப்படி குற்றம்தான். மூன்று வெள்ளி வெளியே. பாய் அதையும் சொன்னார். முருகையன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சடையன் டீயைக் குடித்துவிட்டு, "நல்லா கட்டுப்பாடா நடத்தறீங்க பாய்" என்று மெச்சிவிட்டு எழுந்தார்.

அன்று டீ டம்ளர் எடுக்க வந்த ஹபீபுன்னிசா, புருஷனைப் பார்த்து, "சுவத்த பாத்தீங்க. அவரு மூஞ்ச பாத்தீங்களா?" என்று கேட்டார்.

முருகையன் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். வந்தார். மூன்று வெள்ளி கழித்து வந்து, எல்லார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்கி நான் பண்ணது தப்பு, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாய்க்கு உயிர் வந்தது. தானே எழுந்து போய் டேப்பை அவர் கழுத்தில் போடப் போனார். முருகையன் தலையை ஒதுக்கிக்கொண்டார். "எனக்கு பேச ஒண்ணுமில்ல நூரு, கேக்கறதுக்குதான் வந்தேன்."

அன்றைக்கு அவர் என்ன சொல்ல வந்தார் என்று பாய்க்குத் தெரிந்தது ஆடி மாசக் கடைசியில். நான் ஒரு பாவாடையை வாங்க அப்போது கடையில் இருந்தேன். முருகையன் மனைவி எல்லம்மாள் ஒரு பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே பட்டுத் துணி, மூன்று நாலு ஜாக்கெட்டுக்கு. கூடவே ஒரு பழைய அளவு ஜாக்கெட். பாய் எடுத்து விரித்தார். சின்னப் பெண்ணுடைய அளவு.

"யாருக்கும்மா இது?"

"ஆதிலட்சுமிக்குதான். ஆவணியில கண்ணாலம். எங்க மூத்தாரு, இவரு அண்ணன், அவரு வூட்டம்மாவோட தம்பிக்கு குடுக்கறோம், செங்கம் பக்கம்."

"படிக்க வைக்கலியா?"

எல்லம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "வேலூர்ல நர்சு படிப்புக்கு எடம் கெடச்சிருந்திச்சு பாய். சேரச் சொல்லி காயிதம் வந்திச்சு. இவரு அண்ணங்கிட்ட எதுத்து பேச முடியாம தவிச்சாரு. வூட்டுல வாயத் தெறந்தா அவரு பேச வுட மாட்டாரு. நாலு பெரிய மனுசங்க எதிர்ல, யாரும் குறுக்க பேசாத எடத்துல சொல்லிட்டா, அண்ணன் மறுக்க முடியாதுன்னு சொல்லிட்டு ஒரு நாளு கெளம்பி வந்தாரு. அப்புறம் என்ன ஆச்சோ, அந்தப் பேச்சே எடுக்கல."

பாய் அந்த அளவு ஜாக்கெட்டை மடித்தார், மறுபடி விரித்தார், மறுபடி மடித்தார். "புதன்கிழம வாங்கிக்கம்மா" என்றார். எல்லம்மாள் போனதும் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். ஹபீபுன்னிசா பிறகு எனக்குச் சொன்னார். முருகையன் பூ பறித்துக்கொண்டிருந்தாராம். இவர் வரப்பில் நின்று, "ஏண்டா எங்கிட்ட தனியா சொல்லல? நான் வந்து உங்கண்ணங்கிட்ட பேசியிருப்பனே" என்று கேட்டாராம்.

"நீ பேசியிருந்தா அது நீ பேசினதுதான. நான் பேசணும்னு நெனச்சேன் நூரு" என்றாராம் முருகையன். "தட்டு மாத்தியாச்சு. நர்சு சேக்கற தேதியும் முடிஞ்சிருச்சு. வுடு. அது வூட்டு விசயம்."

அதற்குப் பிறகு முருகையன் செய்ததுதான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. அவர் சண்டை போட்டிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எப்போதும்போல வந்தார், பிரியாணி சாப்பிட்டார், அப்பம் கொண்டுவந்தார். மழையைப் பற்றிப் பேசினார், பூ விலையைப் பற்றிப் பேசினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் பாய்க்குத் தெரியும், அதுவும் மார்க்கெட்டில் யாரோ சொல்லி. ஆதிலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அப்படித்தான். பாய் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குறாங்க" என்பார். வெள்ளிக்கிழமை மட்டும் செல்லுபடியாக வேண்டிய சட்டத்தை அவர் வாரம் முழுவதும், வருஷம் முழுவதும் காப்பாற்றினார்.

பாய் சுவருக்கு வெள்ளை அடித்தார். டேப்பு ஒன்றைத் தவிர எல்லாச் சட்டமும் போயிற்று. இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அப்படி விட்டதும் நன்றாக இல்லை. இரண்டே மாதத்தில் வராதவர்களை எல்லாம் கிழித்தார்கள், ஜாதி வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் இன்னொருவரைக் கன்னத்தில் அறைந்தார். பாய் கதவைச் சாத்தினார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் சட்டங்கள் அதிகமா கம்மியா என்று இப்போதும் யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. சட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேர்த்துப் போய் நிற்கிற மனுஷன் இரண்டு நிமிஷம் கேட்டால் கொடுக்க வேண்டும், அது மட்டும் தெரியும்.

போன வருஷம், எண்பத்தெட்டில், முருகையன் போய்விட்டார். காலையில் பூ மூட்டையைச் சைக்கிளில் ஏற்றும்போது மார்வலி. சேதி வந்ததும் பாயும் நானும் டவுன் பஸ் பிடித்துப் போனோம். பாய் வாசலில் பந்தலுக்குக் கீழே ஆண்களோடு நின்றார். நான் பெண்களோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

செங்கம் பக்கத்திலிருந்து ஆதிலட்சுமி வந்து சேர்ந்தது மத்தியானம். இளைத்துக் கறுத்திருந்தாள். அப்பன் தலைமாட்டில் விழுந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஒப்பாரி வைக்கிற பெண்ணை யாரும் நிறுத்த மாட்டார்கள். மாமியாரை இழுத்தாலும், பெரியப்பனை இழுத்தாலும், கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

"வேலூரு போகச் சொல்லி வெள்ள சேல எடுத்தியே
என்னப் பெத்த அப்பா
வெள்ள சேல மடிச்சி வச்சி வெளக்கு போல நின்னியே
என்னப் பெத்த அப்பா
பத்து பேரு சபையில பாய் கடை மன்றத்துல
பெத்த பொண்ணு படிக்கட்டும்னு பேசிட்டுதான் வந்தியே
பேசிப் பேசிப் பாத்தேம்மா பெரியவங்க ஒத்துக்கல
வேணான்னு சொல்லிட்டாங்கன்னு வெளியில நின்னு அழுதியே
என்னப் பெத்த அப்பா..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷமாக இந்தப் பெண் அப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறாள்? பேச விடவில்லை என்று மகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, பேசினேன், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். பாதி எழுந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையடி, உன் அப்பனுக்கு அந்த ஒரு வரிக்கு மேல் பேசவே வாய்க்கவில்லை என்று சொல்ல வாய் துடித்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். துக்கம் தாங்காமல் எழுகிறேன் என்று நினைத்தார்கள்.

ஜன்னல் வழியாகப் பந்தல் தெரிந்தது. சடையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் குனிந்திருந்தார். நூருல்லா பாய் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைச் சரிசெய்யக்கூட கையைத் தூக்கவில்லை. ஆதிலட்சுமி முடிக்கும்வரை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

எல்லாம் முடிந்து, மயானத்துக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"பாய், அந்தப் பொண்ணுகிட்ட உண்மைய சொல்லிடலாமா? நீங்க, நான், எல்லாருமா சேர்ந்து அவ படிப்ப வேணான்னு சொன்னோம்னு நெனச்சிட்டிருக்குது. நம்மள எவ்ளோ சபிச்சிருக்கும்?"

"வேணாம்மா."

"உங்க மேல பழி பாய்."

"இருக்கட்டும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ அப்பன் அவளுக்காக பத்து பேரு முன்னால பேசினான்னு நெனச்சிட்டிருக்கா. பேசினவனாவே இருக்கட்டும். அதையும் நான் புடுங்கிக்க வேணாம்."